கொம்பனித்தெரு: ஒரு தீவும் அதன் பெயர்களும்

கொழும்புக் கோட்டையிலிருந்து காலித் திசை நோக்கிப் புறப்படும் புகையிரதம், நல்ல வேகம் பிடிப்பதற்கு முன்னரே ஒரு சிறு நிலையத்தை அடைந்துவிடும். விக்டோரியா மகாராணியார் காலத்துப் பாணியில் அமைந்த பழைய நிலையம் அது. அங்கே மும்மொழியிலும் எழுதப்பட்டிருந்த பெயர்ப் பலகையை நெடுங்காலமாக எத்தனையோ பயணிகள் வாசித்துச் சென்றனர். சிங்களம் அறிந்தவர் ‘கொம்பஞ்ஞ வீதிய’ என வாசித்தார். தமிழ் அறிந்தவர் ‘கொம்பனித்தெரு’ என வாசித்தார். ஆங்கிலம் அறிந்தவருக்கோ அதே பலகை ‘ஸ்லேவ் ஐலண்ட்’, அதாவது அடிமைத் தீவு என்று கூறிற்று. பெயர்ப் பலகைகளில் ஒரு மொழிப் பெயர் மற்றொன்றின் மொழிபெயர்ப்பாயிருத்தல் இயல்பு. இங்கே அவ்வாறில்லை. ஒருவர் கண்ட தெரு மற்றவருக்குத் தீவாயிற்று. ஒருவர் கண்ட வாணிகக் கொம்பனி மற்றவருக்கு அடிமையாயிற்று. இவ்விரு பெயர்களும் எங்ஙனம் ஒரே நிலத்தின்மேல் வந்து அமைந்தன என்பதே இச்சிறு பகுதியின் வரலாறு.

கொழும்பு 2 எனத் தபாற்காரர் அறிந்த இப்பகுதியின் எல்லைகளை ஒருவர் காலையுணவுக்கு முன்னரே நடந்து முடித்துவிடலாம். மேற்கே காலிமுகத்திடலும் அதனப்பாற் கடலும். வடக்கே பேரே வாவியின் ஒரு கிளை, அதற்கப்பாற் கோட்டை. கிழக்கேயும் அதே வாவியின் மற்றொரு கிளை. தெற்கே யூனியன் பிளேஸ் தெருவும் ஹுணுப்பிட்டியும். முற்காலப் படங்களை நோக்கின், நாற்புறமும் நீர் சூழ நடுவே நாக்குப்போல் நீண்டு கிடந்த நிலமாகவே இது காணப்படும். முழுத் தீவென்பதிலும் தீவக்குறை என்பதே பொருந்தும் எனினும், நீரைக் கடந்தே கோட்டைக்குச் செல்ல வேண்டியிருந்தமையால் மக்கள் அதனைத் தீவென்றே கொண்டனர்.

அந்நீர் தானாக அங்கு வந்து நின்றதன்று. கோட்டையைக் காப்பதற்காகப் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் தாழ்ந்த சதுப்பு நிலங்களில் நீரைத் தேக்கி வாவியாக்கினர். நிலவழியே வரும் படைக்கு அது பெருந்தடையாயிற்று. 1587ஆம் ஆண்டிலும் 1588ஆம் ஆண்டிலும் சீதாவக்கை மன்னன் இராசசிங்கன் கொழும்பை முற்றுகையிட்டபோது, அவன் மேற்கொண்ட முதன்மையான வேலைகளுள் ஒன்று வாய்க்கால் வெட்டி இவ்வாவியின் நீரை வடியச் செய்தமையாகும். நீர் வடிந்தது, கோட்டை வீழவில்லை. வாவியின் பெயரைப் பற்றியும் இரு கூற்றுக்கள் உள. கரை, ஓரம் எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லே ‘பேரா’ என்பர் ஒரு சாரார். ‘டி பேர்’ என்ற ஒல்லாந்தச் சொல்லே மூலமென்பர் மற்றொரு சாரார். அப்பெயரும் 1700 என்னும் ஆண்டும் பொறித்த கருங்கல்லொன்றை அவர்கள் சான்று காட்டுவர். அச்சொல் ஒரு மனிதரின் பெயரா, அன்றி அணையைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லா என்பதும் வாதத்திற்குரியதே.

1656ஆம் ஆண்டு மே மாதத்தில் நீண்ட முற்றுகையின் பின் கொழும்பு ஒல்லாந்தர் கைப்பட்டது. கைப்பற்றியது ஒல்லாந்த அரசு எனச் சொல்வதிலும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி எனச் சொல்வதே சரி. படையும் நீதிமன்றமும் கறுவாவும் யானையும் நெல்லும் யாவும் அக்கொம்பனிக்குரியன. மனிதரும் அதன் உடைமைப் பட்டியலில் இடம்பெற்றனர். கோட்டை மதிலுக்குக் கல் சுமப்பதும், மண் வெட்டுவதும், கப்பலில் ஏற்றுவதும் இறக்குவதும், அதிகாரிகளின் மனைகளிற் சமைப்பதும், பிள்ளைகளைத் தூக்கி வளர்ப்பதும் அடிமைகளின் தொழிலாயின. 1694ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட குடிக்கணக்கின்படி, கொழும்புக் கோட்டையும் மதிலுக்குட்பட்ட பட்டினமும் சேர்ந்த பகுதியில் வாழ்ந்தோருட் பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகளே. ஒல்லாந்தக் கொழும்பைப் பற்றிப் பேசுவோர் ஓட்டு வீடுகளையும் உயர்ந்த கதவுகளையும் தேக்கமரத் தளபாடங்களையும் விரித்துரைப்பர். அவ்வீடுகளில் வாழ்ந்தோரின் தொகையில் எசமானர்கள் சிறுபான்மையினர் என்பதைச் சொல்ல மறந்துவிடுவர்.

இவ்வடிமைகள் எங்கிருந்து வந்தனர்? இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் ஆபிரிக்காவின் கீழைக் கரையிலிருந்தும் பலர் கொண்டுவரப்பட்டனர். காப்பிரியரை மட்டுமே அடிமைகளென எண்ணும் வழக்கு பிற்காலத்தது. தமிழ் கேட்கும் நேயர்கள் சிறப்பாக அறியவேண்டிய செய்தியொன்று இவ்விடத்தில் உண்டு. 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணமும் நாகபட்டினமும் ஒல்லாந்தர் வசமாயின. அதற்கு அடுத்த ஆண்டு தொடங்கித் தஞ்சை நாட்டைப் பீசப்பூர்ப் படைகள் சூறையாடின, வயல்கள் அழிந்தன, பெரும்பஞ்சம் சூழ்ந்தது. பசி தாங்காதார் தம்மையும் தம் மக்களையும் விற்றனர். 1659 முதல் 1661 வரையுள்ள குறுகிய காலத்தில் 8,000 முதல் 10,000 வரையான மக்கள் அக்கரையிலிருந்து இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர் என வரலாற்றாசிரியர் கணிப்பர். காவிரி பாய்ந்த நாட்டின் உழவர் குடிகள், ஒருபிடி அரிசிக்காகக் கப்பலேறிய காலம் அது. கொழும்பிலே கல் சுமந்த கைகளுட் சில தமிழ்க் கைகள் என்பதில் ஐயமில்லை.

வாங்கியவர்கள் ஐரோப்பியர் மட்டுமே என்றும் கொள்ளலாகாது. கொழும்பிலே செட்டிகளும் சோனகரும் சிங்களப் பிரதானிகளும் அடிமைகளை உடையராயிருந்தனர். யாழ்ப்பாணத்திலோ கடல் கடந்து அடிமை தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஊருக்குள்ளேயே அடிமைச் சாதிகள் என ஒதுக்கப்பட்டோர் இருந்தனர். ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707ஆம் ஆண்டளவில் தேசவழமையைத் தொகுத்தபோது, ஆண் பெண் அடிமைகளைப் பற்றிய விதிகளுக்கு அதில் தனியிடம் இருந்தது. அதனைப் படித்துப் பார்த்துச் சரியென ஒப்பியவர்கள் பன்னிரு தமிழ் முதலியார்கள். கொழும்பின் ஒரு மூலைக்கு அடிமைப் பெயர் வந்ததைக் கண்டு வியப்போர், இதனையும் உடன்வைத்து எண்ணுதல் நன்று.

தீவுக்கு அப்பெயர் வந்த வகை பற்றி வழங்கும் கதை இது. பகலெல்லாம் கோட்டையுள் உழைத்த அடிமைகள் மாலையில் ஓடங்களிலேற்றி வாவியைக் கடத்தித் தீவிலே விடப்பட்டனர். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டைக்குள் ஓர் ஒல்லாந்த அதிகாரி வீட்டினர் தம் அடிமைகளாற் கொலையுண்டதாகவும், அவ்வச்சத்தினாலேயே இவ்வேற்பாடு செய்யப்பட்டதாகவும் கூறுவர். இரவில் எவரும் நீந்தித் தப்பாவண்ணம் வாவியில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்றும் அக்கதை நீளும். வாவியில் முதலைகள் இருந்தமை மெய்யே. புறக்கோட்டையின் கேமன்ஸ் வாசல் முதலையின் பெயராலேயே வழங்குகின்றது என்பர். ஆயினும் முதலைக் கதையைச் சற்று எச்சரிக்கையோடு ஏற்றல் வேண்டும். சொல்லச் சொல்லச் சுவை மிகும் அக்கதை, அடிமையைக் காவல் செய்தது முதலை என்னும் எண்ணத்தைக் கேட்பவர் மனத்தில் விதைத்துவிடுகின்றது. காவல் செய்தவை சட்டமும் சவுக்கும் விற்பனைச் சீட்டும் ஆகும். நீந்திக் கரையேறிய அடிமையொருவன் அதன்பின் எங்கே போவான்? அவனைத் திருப்பிப் பிடிக்கும் உரிமை எசமானுக்கு எந்தக் கரையிலும் இருந்தது.

1796ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆங்கிலேயர் கொழும்பைப் பெற்றனர். அதன் பின்னரும் அடிமை முறை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. 1816ஆம் ஆண்டு ஓகத்து 12ஆந் தேதியின் பின் அடிமைத் தாயர்க்குப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் எனக் கொழும்பு முதலிய இடங்களின் உடைமையாளர் பலர் இசைந்தனர். சட்டத்தால் அடிமை முறை முற்றும் ஒழிந்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலேயே. அடிமை போயிற்று, ஆங்கிலப் பெயர் நின்றது.

இனி மற்றைப் பெயர். ‘கொம்பனி’ என்பது முதலிலே அடிமைகளை உடைமையாக வைத்திருந்த வாணிகக் கழகத்தையே குறித்திருத்தல் கூடும். படைக் கூறொன்றுக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் உண்டாதலின், அங்கே குடியிருந்த மலாய்ப் படையினரின் அணிகளால் அப்பெயர் வந்ததென்பாரும் உளர். எதுவாயினும், 19ஆம் நூற்றாண்டிலே அத்தெருவில் நிமிர்ந்து நடந்தவர் மலாயர்.

மலாயர் எனப்படுவோர் உண்மையிற் பல இனத்தார். சாவகரும் அம்போனியரும் மதுராத் தீவினரும் பிறரும் அப்பெயருள் அடங்குவர். ஒல்லாந்தர் தம் படைக்காகச் சிலரைக் கொணர்ந்தனர். தமக்கெதிராக எழுந்த சாவக இளவரசர் முதலியோரை நாடுகடத்தி இங்கே வைத்தனர். அடிமைகளாகவும் சிலர் வந்தனர். ஆங்கிலேயர் அவர்களின் போர்த்திறங் கண்டு தனிப்படை அமைத்தனர். 1827ஆம் ஆண்டிலே அது சிலோன் றைபிள் படைப்பிரிவு எனப் பெயர் பெற்றது. றைபிள் வீதி, மலாய் வீதி, ஜாவா ஒழுங்கை ஆகிய பெயர்கள் அக்காலத்தை இன்றும் சொல்லி நிற்பன. வேகந்தப் பள்ளிவாசலோ அதனிலும் பழையது. சாவகத்திலிருந்து வந்த பாண்டான் பாலி என்பவர் கொடுத்த நிலத்தில் 1786ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தர் ஆட்சியிலேயே, அது எழுந்தது. நாடிழந்து வந்த ஒருவர் புதுநாட்டிலே செய்த முதற்காரியங்களுள் ஒன்று தொழுகைக்கு நிலம் கொடுத்ததாயின், அவர் திரும்பிச் செல்லும் எண்ணத்தை விட்டுவிட்டார் என்றே கருத வேண்டும்.

படைப்பிரிவு 1873ஆம் ஆண்டிற் கலைக்கப்பட்டது. துப்பாக்கியைத் தவிர வேறு தொழில் அறியாத குடும்பங்களுக்கு அது பேரிடி. பலர் பொலிசிலும் தீயணைப்புப் படையிலும் சேர்ந்தனர். சிலர் மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றனர். படை கலைவதற்கு முந்திய ஆண்டிலே, 1872இல், மலாயர் தமக்கெனக் கிரிக்கெட் கழகமொன்றைத் தொடங்கியிருந்தனர். படை போயினும் ஆட்டம் தொடர்ந்தது. அதன் மைதானத்துக்கு வழங்கும் ‘படாங்’ என்னும் பெயர், வெளி எனப் பொருள்படும் மலாய்ச் சொல். இதே காலத்தில், 1869ஆம் ஆண்டு, பாபா யூனுஸ் சல்தீன் என்பார் ‘அலாமத் லங்காபுரி’ என்னும் மலாய்ச் செய்தித்தாளைக் கொழும்பிலே அரபெழுத்திற் கல்லச்சில் வெளியிட்டார். மலாய் மொழியின் ஆதிப் பத்திரிகைகளுள் ஒன்று மலாயாவிலன்றி இலங்கையிற் பிறந்ததென்பது மறக்கத்தகாதது.

இம்மலாயர் பேசும் மொழியைக் கேட்டால் தமிழர்க்கு ஒரு வியப்பு உண்டு. சொற்கள் மலாய்ச் சொற்கள். அவை நிற்கும் ஒழுங்கோ நம்முடையது போன்றது. மலாய்த் தாய்நிலத்தில் வினை இடையே நிற்க, இங்கே அது வாக்கியத்தின் முடிவுக்கு வந்துவிட்டது. வேற்றுமை உருபுபோன்ற ஒட்டுக்களும் பெயரின்பின் வந்து சேர்ந்தன. இம்மாற்றத்தில் தமிழின் பங்கு எவ்வளவு, சிங்களத்தின் பங்கு எவ்வளவு என மொழிநூலார் இன்னும் வாதிடுவர். பள்ளிவாசலிலே தமிழிற் பிரசங்கமும், அயலிலே தமிழ் பேசும் சோனகரும், சந்தையிலே சிங்களமும் இருக்க, ஒரு மொழி தன் எலும்பையே மாற்றிக்கொண்டது.

ஆங்கிலேயர் இத்தீவிலே வேறொரு விதையையும் ஊன்றிப் பார்த்தனர். இலண்டனிலுள்ள கியூ என்னும் தாவரவியற் பூங்காவை முன்மாதிரியாகக் கொண்டு, சேர் ஜோசப் பாங்ஸ் அளித்த ஆலோசனைப்படி, 1810ஆம் ஆண்டிலே கொம்பனித்தெருவில் ஒரு தோட்டம் அமைந்தது. சீனத்திலிருந்து செடிகள் சேர்த்து அனுப்பிப் புகழ்பெற்ற வில்லியம் கேர் அதன் பொறுப்பாளரானார். ஆயின் வாவி அயலிலே இருக்க, மழைக்காலந்தோறும் நிலத்தை நீர் மூடிற்று. 1813ஆம் ஆண்டிலே தோட்டம் களுத்துறைக்குப் பெயர்ந்தது. அங்கிருந்து 1821இற் பேராதனைக்குச் சென்றது. இன்று பேராதனைப் பூங்காவின் வனப்பைக் கண்டு மகிழ்வோர், அதன் முதல் நாற்றுமேடை கொழும்பின் நெரிசல் மிக்க இம்மூலையென்று நினைப்பதில்லை. எஞ்சியது கியூ வீதி என்னும் பெயர் ஒன்றே. அவ்வீதியிலே சிவசுப்பிரமணிய சுவாமி கோவில் கொண்டிருக்க, இலண்டன் பூங்காவின் பெயரைச் சொல்லி முருகன் சந்நிதிக்கு வழி கேட்கும் வேடிக்கையை நாடோறும் காணலாம். அயலிலே வொக்ஸோல் வீதியும் ஹைட் பார்க் முனையும் உள. பிறந்த ஊரை நினைந்து ஏங்கிய அதிகாரிகளின் கைவேலை அவை.

தீவு தீவென்னுந் தன்மையை இழந்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயாம். 1869ஆம் ஆண்டில் தொடங்கிக் கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. மதிலே போனபின் அகழி எதற்கு? 1875இற் கொழும்புத் துறைமுகத்தின் அலைதாங்கி அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1877இற் புகையிரதப் பாதை தெற்கே பாணந்துறை வரை நீண்டது. துறைமுகம் வளர வளர வாவிக்கரை பண்டசாலைகளுக்கு உரியதாயிற்று. மலைநாட்டுத் தேயிலையும் இறப்பரும் கொப்பறாவும் இங்குக் குவிந்து, பாரப் படகுகளில் ஏறி, வாவியையும் துறைமுகத்தையும் இணைத்த கால்வாய் மதகுகளைக் கடந்து கப்பலடைந்தன. கொழும்பு வணிகக் கொம்பனியின் பெரும் வேலைத்தலமும் வாவியோரத்தில் எழுந்தது. தெருப் பெயருக்கேற்ப மீண்டுமொரு கொம்பனி. நிலம் வேண்டுந்தோறும் நீர் தூர்க்கப்பட்டது. ஒரு காலத்தில் 165 ஹெக்டேயர் அளவில் விரிந்திருந்த வாவி, இன்று ஏறத்தாழ 65 ஹெக்டேயராகச் சுருங்கியுள்ளது. தூர்த்த நிலத்தின்மேல் தெருக்கள் ஓட, தீவு கரையோடு கரையாயிற்று.

20ஆம் நூற்றாண்டிலே இங்கு வாழ்ந்தோரை ஓர் இனத்தாரெனச் சொல்லுதல் இயலாது. மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் ஒரே ஒழுங்கையில், ஒரே தண்ணீர்க் குழாயடியில், ஒருவர் வீட்டுச் சண்டையை மற்றவர் கேட்கும் தூரத்தில் வாழ்ந்தனர். கோவில் மணியும் பாங்கொலியும் தேவாலய மணியும் புகையிரத ஊதலும் ஒன்றோடொன்று கலந்தன. இதனை ஒற்றுமையின் சொர்க்கமெனப் புகழ்ந்துரைத்தல் மிகை. இடநெருக்கடி ஒற்றுமையையும் சச்சரவையும் ஒருங்கே வளர்ப்பது. ஆயினும் அயலாரின் மொழியை ஒவ்வொருவரும் அறிந்திருந்தனர் என்பது சிறிய பேறன்று.

கோட்டைக்கும் கடலுக்கும் அணித்தாய்க் கிடந்தமையே இம்மக்களுக்குப் பின்னர் இடராக வந்தது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் மியூஸ் வீதியிலே வீடுகள் இடிக்கப்பட்டன. அடுத்து வந்த ஆண்டுகளில் ஜாவா ஒழுங்கை முதலிய இடங்களிலும் குடும்பங்கள் எழுப்பப்பட்டன. சிலர்க்கு அயலிலே மாடிவீடுகள் வாக்களிக்கப்பட்டன. வேறு சிலர் நகரின் வடக்கேயும் கிழக்கேயுமுள்ள அடுக்குமாடிகளுக்குச் சென்றனர். வாவிக்கரையிலே இப்போது 68 மாடிகள் கொண்ட அல்ரெயார் கோபுரம் நிற்கின்றது. ஒரு கோபுரம் நிமிர்ந்து நிற்க, மற்றொன்று அதன் தோளிற் சாய்ந்தாற்போல் மோஷே சாவ்டி என்னும் கட்டடக் கலைஞர் அதனை வகுத்தார். அதன் உச்சியிலிருந்து பார்ப்பவர்க்குப் பழைய தீவின் உருவம், நீர் எஞ்சியுள்ள இடங்களைக்கொண்டு ஒருவாறு புலப்படும். தரையில் நடப்பவர்க்கு அது புலப்படாது.

பெயரிலும் மாற்றம் வந்தது. ஆங்கிலத்திலும் இவ்விடத்தைக் கொம்பஞ்ஞ வீதிய என்றே வழங்க வேண்டுமென 2022ஆம் ஆண்டின் முடிவை ஒட்டி அரசு அறிவித்தது. மும்மொழிக்கும் இனி ஒரே பெயர். தம் முகவரியில் ‘அடிமை’ என்னும் சொல்லை எழுத எவரும் விரும்பார். அங்கு வாழ்வோர் அம்மாற்றத்தை வரவேற்றிருப்பின் அதிற் குறைகாண்பதற்கில்லை. ஆயினும் ஒன்றை நோக்குதல் வேண்டும். மலாயர்க்குப் பள்ளிவாசலும் படாங்கும் உள. ஆங்கிலேயர்க்குக் கியூவும் வொக்ஸோலும் உள. கொம்பனிக்குத் தெருவே உள்ளது. அத்தீவிலே இரவைக் கழித்த அடிமைகளுக்கு ஒரு கல்லறையோ தூணோ அங்கில்லை. ஆங்கிலேயர் இகழ்ச்சியாகவோ அசட்டையாகவோ இட்டுச் சென்ற அப்பெயர் ஒன்றே அவர்களை நினைவூட்டிற்று. இப்போது, அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தவர்களின் பெயரே மூன்று மொழிகளிலும் நிலைபெறுகின்றது.

அவ்வடிமைகளைத் தேடுவோர் இனிச் செல்ல வேண்டிய இடம் கொழும்பு 7இலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். ஒல்லாந்தக் கொம்பனியின் பழைய ஏடுகள் அங்கே பேணப்படுகின்றன. விற்பனை, மரண சாசனம், வழக்கு என்னும் பலவகை ஆவணங்களிடையே அடிமைகளின் பெயர்கள் வரும். தாய் தந்தையர் இட்ட பெயர் அன்று. எசமானர் இட்ட ஒரு பெயரும், அதனையடுத்து வந்த இடத்தின் பெயருமே. ஒருவர் வங்காளத்தவர், ஒருவர் மலபாரவர், ஒருவர் சோழமண்டலக் கரையவர், ஒருவர் தூத்துக்குடியவர். ஊர் பெயராக மாறிவிட்டது. விற்பனைச் சீட்டாயின், அதன்கீழே விலையும் எழுதப்பட்டிருக்கும்.